நாய்க்கு எத்தனை கிராம் புரதம்?

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் உங்கள் தெருவில் நிச்சயம் இருக்கும். அது இன்று என்ன தின்றது என்று கவனித்தீர்களா? சில வீடுகளில் மிஞ்சிய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து வைப்பார்கள். சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை எலும்பு, மற்ற நாட்களில் பழைய சோறு. தேநீர்க் கடை வாசலில் நிற்கும் நாய்க்கு இரக்கமுள்ளவர்கள் பிஸ்கட் வாங்கிப் போடுவார்கள். வசதி உள்ளவர்கள் கடையில் விற்கும் பாக்கெட்டு உணவை வாங்குகிறார்கள்.

இவற்றுள் எது போதும்? எது போதாது? ‘நாய்க்கு இறைச்சி எவ்வளவு போட்டாலும் நல்லதுதான்’ என்பார் ஒருவர். ‘புரதம் மிகுந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும்’ என்பார் இன்னொருவர். ‘எங்கள் நாய் பல வருடமாகத் தயிர்ச்சோறுதான் தின்கிறது, நன்றாகத்தானே இருக்கிறது?’ என்பார் மூன்றாமவர். மூவரும் உறுதியாகப் பேசுகிறார்கள். ஆனால் மூவரில் ஒருவர்கூட ஓர் எண்ணையும் சொல்லவில்லை!

எண்ணை மட்டும் சொன்னாலும் போதாது. இயற்பியல் தேர்வில் ஒரு மாணவன் ‘வேகம் 40’ என்று எழுதி வைத்தால் ஆசிரியர் என்ன கேட்பார்? ‘மணிக்கு 40 கிலோமீட்டரா, நொடிக்கு 40 மீட்டரா?’ என்றுதானே கேட்பார்? புரதக் கணக்கிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். எதற்கு எவ்வளவு? ஒரு கிலோ எடைக்கா? ஆயிரம் கலோரிக்கா? நூறு கிராம் தீனிக்கா? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் விடை தானாகக் கிடைக்கும். வாருங்கள், கணக்கிட்டுப் பார்ப்போம்.

சர்க்கரை மட்டும் தின்ற நாய்

புரதம் ஏன் வேண்டும் என்பதை மனிதன் அறிந்துகொண்டதே நாய்களின் மூலம்தான். 1816-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் மஜாந்தி ஒரு சோதனை செய்தார். நன்கு கொழுத்த, மூன்று வயதுள்ள ஒரு நாய்க்குத் தூய சர்க்கரையும் காய்ச்சி வடித்த நீரும் மட்டுமே கொடுத்தார். முதல் சில நாட்கள் நாய் மகிழ்ச்சியாகவே தின்றது. பிறகு மெலியத் தொடங்கியது. கண்ணின் வெண்படலத்தில் புண் தோன்றியது. 32-ஆம் நாள் அது இறந்துவிட்டது. ஆலிவ் எண்ணெய், வெண்ணெய், பிசின் ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தபோதும் நாய்கள் பிழைக்கவில்லை.

சர்க்கரையிலும் எண்ணெயிலும் ஆற்றல் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களே உள்ளன, நைட்ரஜன் இல்லை. நாயைச் சுற்றியிருக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். எனினும் அதனால் நாய்க்குப் பயனில்லை. உணவின் வழியாக வரும் நைட்ரஜனே உடலுக்கு உதவும் என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. அந்த நைட்ரஜனைச் சுமந்து வரும் பொருளுக்கு 1838-இல் டச்சு வேதியியலறிஞர் முல்டர் ‘புரோட்டீன்’ என்ற பெயரை வழங்கினார். ‘முதலிடம் பெற்றது’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். நாம் அதைப் புரதம் என்கிறோம். இன்று அத்தகைய கொடிய சோதனைகளை எவரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் அந்த நாய்கள் உயிர் கொடுத்துக் கற்பித்த பாடம் மறக்கக் கூடியதன்று.

புரதம் நாயின் உடலில் என்னென்ன வேலை செய்கிறது? தசை புரதம், உரோமமும் நகமும் புரதம், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதம், செரிமான நொதிகள் புரதம், நோய்க் கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களும் புரதமே. இவை யாவும் நாள்தோறும் சிறிது சிறிதாக உடைந்து, மீண்டும் கட்டப்படுகின்றன. உடைந்தவற்றில் பெரும்பகுதி திரும்பப் பயன்படுகிறது. ஒரு பகுதி சிறுநீரில் யூரியாவாக வெளியேறிவிடுகிறது. அந்த இழப்பை நாள்தோறும் ஈடு செய்தாக வேண்டும்.

மிஞ்சிய கொழுப்பை உடல் சேமித்து வைத்துக்கொள்ளும். புரதத்திற்கு அப்படி ஒரு சேமிப்புக் கிடங்கு இல்லை. உணவில் புரதம் குறைந்தால் உடல் தன் தசையையே உடைத்து எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘ஞாயிற்றுக்கிழமை இறைச்சி போட்டாயிற்று, இனி அடுத்த ஞாயிறுதான்’ என்பது நாயின் உடல் ஒப்புக்கொள்ளாத ஏற்பாடு.

எலும்புச் சூப்பும் ஈய எழுத்துகளும்

புரதம் என்று பெயர் இருந்தால் மட்டும் போதுமா? இதற்கும் பாரிஸ் நகரிலிருந்தே விடை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து, ஏழைகளுக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்கும் சூப்பாகக் கொடுத்தார்கள். ஜெலட்டினும் நைட்ரஜன் உள்ள புரதம்தான், விலையோ குறைவு. ஆனால் அது உடலைக் காக்குமா என்ற ஐயம் எழுந்தது. ஒரு குழு ஆராய்ந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் அதே மஜாந்திதான். 1841-இல் வெளியான அறிக்கை, ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் பிழைக்கவில்லை என்று கூறியது.

காரணம் பின்னரே விளங்கியது. புரதங்கள் அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் கோத்த மாலைகள். முன்பெல்லாம் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்துப் பக்கம் தயாரிப்பார்கள். ‘தமிழ்’ என்ற சொல்லை நூறு இடங்களில் கோக்க வேண்டும். ஆனால் பெட்டியில் ‘ழ்’ எழுத்து இருபதுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘த’வும் ‘மி’யும் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் என்ன பயன்? இருபது ‘தமிழ்’தான் கோக்க முடியும். உடலும் அப்படியே. எந்த அமினோ அமிலம் மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுவே எல்லையை விதிக்கிறது.

புரதத்தில் உள்ள இருபது வகை அமினோ அமிலங்களில் பத்தை நாயின் உடலால் போதிய அளவு செய்துகொள்ள இயலாது. அவற்றை உணவிலிருந்தே பெற வேண்டும். அந்தப் பத்தில் ஒன்றான டிரிப்டோபேன் ஜெலட்டினில் அறவே இல்லை. அதனால்தான் எலும்புச் சூப்பு தோற்றது. நம் வீடுகளிலும் எலும்பை வேக வைத்த நீரைச் சோற்றில் ஊற்றிவிட்டு, நாய்க்கு ‘இறைச்சி உணவு’ கொடுத்ததாக நினைக்கிறோம். மணம் இறைச்சியின் மணம்தான். சத்து அப்படியன்று.

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் நிறைய உண்டு. ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். முட்டை, பால், மீன், இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் எல்லா ‘எழுத்துகளும்’ தக்க அளவில் இருக்கின்றன.

நாய் சோற்றைச் செரிக்குமா என்று சிலர் கேட்கலாம். செரிக்கும். ஓநாயின் வழியில் வந்த நாய், மனிதனோடு வாழத் தொடங்கிய பின் மாறிவிட்டது. மாவுப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்குரிய ஒரு மரபணு ஓநாயிடம் 2 படிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருப்பதை 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே வேகவைத்த சோறு நாய்க்கு ஆகாத உணவன்று. சோறு மட்டும் என்றால்தான் தொல்லை.

சிறிய நாய், பெரிய நாய்

இப்போது கணக்குக்கு வருவோம். 16 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஓரளவு புரதம் வேண்டும் என்றால், 81 கிலோ எடையுள்ள பெரிய மாஸ்டிப் நாய்க்கு அதைப்போல ஐந்து மடங்கு வேண்டுமா? வேண்டாம்! ஏன்?

இதையும் நாய்களை வைத்தே ஆராய்ந்தார்கள். 1883-இல் ஜெர்மானிய அறிஞர் ரூப்னர் வெவ்வேறு எடையுள்ள நாய்கள் ஒரு நாளில் வெளிவிடும் வெப்பத்தைக் கணக்கிட்டார். சுமார் 31 கிலோ நாய், தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 36 கிலோ கலோரி வெப்பத்தை வெளிவிட்டது. சுமார் 3 கிலோ நாயோ, கிலோவுக்கு ஏறத்தாழ 88 கிலோ கலோரி வெளிவிட்டது. ஆனால் உடலின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டபோது, இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

நீங்கள் வடிவியலில் படித்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இருமடங்காக்கினால் பருமன் எட்டு மடங்காகும். மேற்பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். எனவே சிறிய உடலுக்கு அதன் எடையை நோக்க மேற்பரப்பு அதிகம். ஒரு தம்ளர் காப்பி ஒரு குண்டான் காப்பியை விட விரைவில் ஆறிவிடுவதும் இதனால்தான்.

பின்னர் 1932-இல் கிளைபர் என்னும் அறிஞர் பல விலங்குகளை ஒப்பிட்டு, ஆற்றல் தேவை எடையின் முக்கால் அடுக்கைப் பொறுத்து வளர்கிறது என்று காட்டினார். அந்த அடுக்கு ஏன் முக்காலாக இருக்க வேண்டும் என்பதை அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் கணக்குக்கு அது நன்றாக உதவுகிறது.

முக்கால் அடுக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். மடக்கை அட்டவணை இல்லாமலே கண்டுபிடிக்கலாம். எடைக்கு வர்க்கமூலம் எடுங்கள். வந்த விடைக்கு மறுபடியும் வர்க்கமூலம் எடுங்கள். அந்த விடையைக் கனப்படுத்துங்கள். 16 கிலோ நாய்க்கு: 16-இன் வர்க்கமூலம் 4, 4-இன் வர்க்கமூலம் 2, 2-இன் கனம் 8. அவ்வளவுதான்! இந்த 8-ஐ நாயின் ‘உணவு எடை’ என்று நம் வசதிக்காக அழைப்போம்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006-இல் நாய், பூனைகளின் உணவுத் தேவை பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டது. அதன்படி வளர்ந்த நாய்க்கு இந்த ‘உணவு எடை’யில் ஒவ்வோர் அலகுக்கும் நாளொன்றுக்கு 3.28 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. கணக்கிட்டுப் பார்ப்போம்.

4 கிலோ நாய்: உணவு எடை 2.83, புரதம் 9.3 கிராம், அதாவது கிலோவுக்கு 2.3 கிராம்.
16 கிலோ நாய்: உணவு எடை 8, புரதம் 26 கிராம், கிலோவுக்கு 1.6 கிராம்.
81 கிலோ நாய்: உணவு எடை 27, புரதம் 89 கிராம், கிலோவுக்கு 1.1 கிராம்.

பார்த்தீர்களா? எடை ஐந்து மடங்கானபோது புரதம் மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே ஏறியது. ‘கிலோவுக்கு இவ்வளவு’ என்று எல்லா நாய்களுக்கும் ஒரே எண்ணைச் சொன்னால், ஒன்று சிறிய நாய்க்குக் குறையும். இல்லையேல் பெரிய நாய்க்கு மிகும்.

ஆயிரம் கலோரிக்கு எவ்வளவு?

வீட்டு நாய் தன் ஆற்றல் தேவை தீரும் அளவுக்குத்தான் தின்ன வேண்டும். அதற்கு மேல் தின்றால் கொழுக்கும். ஓடியாடித் திரியும் வீட்டு நாய்க்கு ‘உணவு எடை’ ஓர் அலகுக்குச் சுமார் 130 கலோரி வேண்டும். (உணவைப் பற்றிப் பேசும்போது கலோரி என்பது கிலோ கலோரியையே குறிக்கும்.) நமது 16 கிலோ நாய்க்கு 8 × 130 = 1,040; ஆயிரம் கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆயிரம் கலோரிக்குள் 26 கிராம் புரதம் அடங்க வேண்டும். எனவே ஒவ்வோர் உணவையும் ‘ஆயிரம் கலோரி தரும்போது எத்தனை கிராம் புரதம் தரும்’ என்று அளந்தால் ஒப்பிடுவது எளிது. தோராயமான அளவுகள் இதோ:

பிஸ்கட் – 15 கிராம்
அரிசி – 20 கிராம்
கேழ்வரகு – 21 கிராம்
பசும்பால் – 50 கிராம்
தயிர் – 55 கிராம்
துவரம் பருப்பு – 65 கிராம்
முட்டை – 88 கிராம்
தோல் நீக்கிய கோழியிறைச்சி – 160 கிராமுக்கு மேல்

இந்தப் பட்டியலைச் சற்று நேரம் பாருங்கள். வெறும் சோறு தின்னும் நாய்க்கு 20 கிராம் கிடைக்கிறது, வேண்டியதோ 26. அந்த 20-லும் லைசின் குறைவு. ஆக, நாய் வயிறு நிறையத் தின்னும். ஆனாலும் குறையோடு இருக்கும். தயிர்ச்சோறு தின்னும் நாய் ஏன் சமாளித்துவிடுகிறது என்பதும் இப்போது விளங்கும். சோற்றைத் தூக்கி நிறுத்துவது தயிர். தயிர் தாராளமாக இருந்தால் கணக்கு நேராகிவிடும். மோர்த் துளிகள் தெளித்த சோறு என்றால் நேராகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 26 கிராம் என்பது நன்கு செரிக்கும், தரமான புரதத்திற்கான அளவு. கடைகளில் விற்கும் உணவுகளில் பலவகைப் பொருள்கள் சேர்வதால், அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வளர்ந்த நாய்களின் உணவில் ஆயிரம் கலோரிக்கு 45 கிராம் புரதமாவது இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆகவே 26-ஐ அடித்தளம் என்றும், 45-ஐப் பாதுகாப்பான மட்டம் என்றும் கொள்ளலாம்.

சங்கிலியில் கட்டிப்போட்ட நாயின் நிலை என்ன? அதற்கு ஓட்டமில்லை. ஆகவே 8 × 95 = 760 கலோரி போதும். ஆனால் புரதத் தேவை அந்த அளவுக்குக் குறைவதில்லை. 26 கிராம் வேண்டியதுதான். குறைந்த தீனிக்குள் அதே புரதம் அடங்க வேண்டும். எனவே சோம்பலாகக் கிடக்கும் நாய்க்குத் தீனியைக் குறைக்கும்போது சோற்றைக் குறைக்க வேண்டுமே ஒழிய, முட்டையைக் குறைக்கக் கூடாது.

குட்டிக்கே கூடுதல்

இனி வரும் செய்திதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. மூன்று மாதக் குட்டி ஒன்று 4 கிலோ இருக்கிறது. அதன் தாய் 16 கிலோ. இருவரில் யாருக்கு அதிகப் புரதம் வேண்டும்?

‘தாய்க்குத்தான்’ என்று சொல்லியிருப்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். குட்டியின் உணவு எடை 2.83. வளரும் பருவத்தில் ஆற்றல் தேவை வளர்ந்த நாயினுடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. 2.83 × 130 × 2 = 736 கலோரி. பதினான்கு வாரங்கள் வரை குட்டிக்கு ஆயிரம் கலோரிக்குச் சுமார் 56 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. அப்படியானால் 736 கலோரிக்கு 41 கிராம்! பால் கொடுப்பதை நிறுத்திவிட்ட தாய்க்கு 26 கிராம். அவளுடைய நான்கில் ஒரு பங்கு எடையுள்ள குட்டிக்கு 41 கிராம்.

காரணம் எளிது. தாய் பழுது பார்க்கிறாள். குட்டியோ வீடே கட்டுகிறது. தசை, தோல், இரத்தம், உறுப்புகள் எல்லாம் புதிதாக எழும்ப வேண்டும். செங்கல் இல்லாமல் சுவர் எழும்புமா?

நாம் நடைமுறையில் என்ன செய்கிறோம்? ‘சின்னக் குட்டிதானே’ என்று கொஞ்சம் பால் விட்ட சோறு வைக்கிறோம். கலோரியில் ஐந்தில் மூன்று பங்கு சோறும் இரண்டு பங்கு பாலும் என்று கொண்டாலும் ஆயிரம் கலோரிக்கு 32 கிராம்தான் வருகிறது. பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தால் இன்னும் குறையும். இப்படி வளரும் குட்டி வயிறு மட்டும் பருத்து, கால்கள் மெலிந்து, உரோமம் மங்கி நிற்கலாம். நோய் எதிர்ப்பாற்றலும் குன்றும். பெரிய நாய் தாங்கிக்கொள்ளும் குறையைக் குட்டி தாங்காது.

தாயை இழந்த குட்டிகளுக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து ஊட்டுவதும் தவறு. நாயின் பாலில் 100 கிராமுக்கு 7 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. பசும்பாலில் 3 கிராமுக்குச் சற்று அதிகம். நாயின் பாலில் கொழுப்பும் அதிகம். பசும்பால் ஏற்கெனவே குட்டிக்கு நீர்த்த உணவு. அதில் தண்ணீரையும் கலந்தால் சிறு வயிறு நிரம்பும், உடல் நிரம்பாது. கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குட்டிகளுக்குரிய பால்மாவு வாங்குவது நல்லது.

சினையான நாய்க்கு இறுதி வாரங்களிலும், பாலூட்டும் நாய்க்கும் ஆயிரம் கலோரிக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். பாலூட்டும் நாய் தின்னும் அளவும் பன்மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது. தெருவில் குட்டி போட்ட நாய் எலும்பும் தோலுமாகத் திரிவதற்குக் காரணம் இதுதான். அது தன் தசையைக் கரைத்துப் பாலாக்குகிறது.

பாக்கெட்டு சொல்லும் சதவீதம்

கடையில் விற்கும் உணவின் மேல் ‘குரூடு புரோட்டீன் 22 சதவீதம்’ என்பது போல அச்சிட்டிருப்பார்கள். ஒரு டப்பா உணவில் 8 சதவீதம் என்றிருக்கும். எது சிறந்தது? 22 என்று சொல்ல அவசரப்படாதீர்கள். ‘எதற்கு’ என்று கேளுங்கள்.

டப்பா உணவில் 78 சதவீதம் நீர் என்று கொள்வோம். நூறு கிராமில் நீரை நீக்கினால் 22 கிராம் மிஞ்சும். அதில் 8 கிராம் புரதம். அதாவது 36 சதவீதம். உலர்ந்த உணவில் நீர் 10 சதவீதம். மிஞ்சும் 90 கிராமில் 22 கிராம் புரதம். அதாவது 24 சதவீதம். உலர்நிலையில் பார்த்தால் டப்பா உணவே வென்றது!

அந்தச் சதவீதத்தை எப்படி அளக்கிறார்கள்? டென்மார்க் அறிஞர் ஜெல்டால் 1883-இல் வகுத்த முறை ஒன்று உண்டு. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன்; 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. எளிய முறைதான். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அளப்பது நைட்ரஜனை, எழுதுவது புரதத்தை!

அந்த ஓட்டையின் வழியே பெரும் கேடு புகுந்தது. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. ஆராய்ந்தபோது, சீனாவிலிருந்து இறக்குமதியான கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்னும் வேதிப்பொருளைக் கலந்திருந்தது தெரிந்தது. பிளாஸ்டிக் தட்டுகள் செய்ய உதவும் பொருள் அது. அதன் வாய்பாட்டில் கார்பன் 3, ஹைட்ரஜன் 6, நைட்ரஜன் 6 அணுக்கள். மூலக்கூறு எடை 36 + 6 + 84 = 126. அதில் நைட்ரஜன் 84. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஜெல்டால் கணக்கின்படி 100 கிராம் மெலமைனில் 417 கிராம் ‘புரதம்’ இருக்க வேண்டும்! இந்தப் போலி எண்ணுக்காகவே அதைக் கலந்தார்கள். மெலமைனும் அதனுடன் வந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாக அடைத்துக்கொண்டன.

அடுத்த ஆண்டிலேயே, 2008-இல், சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் இதே மெலமைன் கலந்திருந்தது தெரிய வந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஓர் எண் எதை அளக்கிறது என்று கேட்பது வெறும் தேர்வுக்கான பழக்கம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மிகுந்தால் என்ன ஆகும்?

தேவைக்கு மேல் வந்த புரதத்தை உடல் தசையாக மாற்றிக்கொண்டே போகாது. அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜனைப் பிரித்துக் கல்லீரல் யூரியாவாக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றும். மீதியை உடல் எரித்து ஆற்றலாக்கும்; ஆற்றலும் மிகுந்தால் கொழுப்பாகச் சேர்க்கும். ஆகவே அளவுக்கு மீறிய இறைச்சி பெரும்பாலும் விலையுயர்ந்த விறகுதான்.

இதனால் சிறுநீரகம் கெடுமா? நலமான நாயின் சிறுநீரகத்தை மிகுந்த புரதம் கெடுக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ள நாய்க்குப் புரதத்தையும், முக்கியமாகப் பாஸ்பரசையும் மருத்துவர் கட்டுப்படுத்துவார். அது நோய்க்கான பத்தியம். அதை எல்லா நாய்களுக்கும் விதியாக்குவது பொருந்தாது. குறிப்பாக, வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைப்பது பலர் செய்யும் தவறு. முதுமையில் தசை தானே கரைகிறது. நலமாக உள்ள கிழ நாய்க்கு நல்ல புரதம் குறையாமல் கிடைக்க வேண்டும்.

பெரிய இனக் குட்டிகளுக்குப் புரதம் மிகுந்தால் எலும்பு கோணிவிடும் என்ற அச்சமும் உண்டு. கிரேட் டேன் குட்டிகளை வைத்து நெதர்லாந்தில் செய்து, 1991-இல் வெளியிட்ட ஆய்வு புரதத்தின் மீதான இந்தப் பழியை நீக்கியது. அளவு மீறிய கால்சியமும் அளவு மீறிய தீனியுமே எலும்பைக் கெடுப்பவை.

தட்டில் என்ன வைப்பது?

நமது 16 கிலோ நாய்க்கு ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரிசி 150 கிராம் (சமைக்குமுன்): 525 கலோரி, புரதம் 10 கிராம். பருப்பு 50 கிராம்: 170 கலோரி, 11 கிராம். வேகவைத்த முட்டை இரண்டு: 150 கலோரி, 12 கிராம். தயிர் 200 கிராம்: 120 கலோரி, 6 கிராம். மொத்தம் 965 கலோரி, 39 கிராம் புரதம். அடித்தளத்தைத் தாண்டிவிட்டோம், பாதுகாப்பான மட்டத்தை நெருங்கிவிட்டோம். முட்டைக்குப் பதிலாக எலும்பில்லாத கோழி 100 கிராம் சேர்த்தால் சுமார் 20 கிராம் புரதம் அதிலிருந்தே கிடைக்கும்.

இது புரதக் கணக்கு மட்டுமே. முழு உணவுத் திட்டம் அன்று. கால்சியம், வைட்டமின்கள் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு. இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு. ஆகவே இறைச்சி மட்டும் கொடுப்பதும் தவறு. பருப்பைத் தனியே வேகவைத்துக் கொடுங்கள். சாம்பாரை ஊற்றாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும்.

நீங்களும் கணக்கிடலாம். நாயை எப்படி நிறுப்பது என்கிறீர்களா? நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நில்லுங்கள், பிறகு தனியே நில்லுங்கள், கழித்துவிடுங்கள். கீழே உள்ள மூன்று கணக்குகளையும் போட்டுப் பாருங்கள்.

1. 9 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும்?

2. 25 கிலோ எடையுள்ள இராஜபாளையம் நாய்க்கு எத்தனை கிராம்?

3. தேநீர்க் கடை வாசலில் உள்ள 16 கிலோ நாய் ஆயிரம் கலோரி அளவுக்குப் பிஸ்கட் மட்டும் தின்கிறது. அதற்கு எத்தனை கிராம் புரதம் குறைகிறது? அந்தக் குறையை எத்தனை முட்டை ஈடுசெய்யும்?

விடைகள்: 1. சுமார் 17 கிராம். 2. சுமார் 37 கிராம். 3. குறைவது 11 கிராம். இரண்டு முட்டைகள் போதும். அத்தனை பிஸ்கட்டுக்கு ஆகும் காசில் இரண்டு முட்டைகள் வாங்க முடியுமா என்பதை உங்கள் ஊர்க் கடையில் விலை கேட்டு நீங்களே சொல்லுங்கள்.